உள்ளே தெரபி, வெளியே நாங்க: வராந்தாவுல உக்காந்திருக்கற ஒன்றரை மணி நேரத்தை என்ன செய்யலாம்?

வெள்ளோட்டுக்காரி | 11 ஜூன் 2024, இரவு 10.20

வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதினதில்ல. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

பையனுக்கு ஏழு வயசு. மூணு வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க. செவ்வாயும் வெள்ளியும் வெள்ளோட்டுல இருந்து ஈரோட்டுக்கு பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன். 45 நிமிஷம் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைப் பழக்கறது), 45 நிமிஷம் ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி). அவன் உள்ள போனதும் கதவைச் சாத்திருவாங்க. வெளிய வராந்தாவுல ஒரு பெஞ்ச், நாலு பிளாஸ்டிக் சேர், ஓடாத ஒரு ஃபேன். நாலு வருசமா அதே அஞ்சாறு மூஞ்சிங்க. ஒருத்தர் பேரு ஒருத்தருக்குத் தெரியாது. எல்லாருமே இன்னாரோட அம்மா, அவ்வளவுதான்.

போன மாசம் ஒரு நாள் பக்கத்துல இருந்தவங்க டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுட்டு சாப்பிடாம உக்காந்திருந்தாங்க. உள்ள பிய்ச்சுப் போட்ட இட்லி. "ஏனுங்க, சாப்பிடலீங்களா?"ன்னு சும்மாதான் கேட்டேன். "இது காலையில அவன் மிச்சம் வெச்சதுங்க. எனக்குன்னு தனியா ரெண்டு இட்லி எடுத்து வெச்சு எத்தனை வருசமாச்சுன்னு யோசிச்சிட்டிருந்தேன்"னு சொல்லிட்டு அழுதாங்க பாருங்க, முந்தானையை வாயில அடைச்சுட்டு. சத்தம் உள்ள கேட்டுடக் கூடாதாம்.

அன்னைக்கே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சேன். அதுதான் நான் பண்ணின தப்பு. மூணு வாரத்துல அறுபது பேர். காலையில குட்மார்னிங் ரோஜாப்பூ, மத்தியானம் யாரோ விக்கற கழுதைப்பால் பவுடர், ராத்திரி "எங்க பையன் ஆறே மாசத்துல பேசிட்டான்"னு வீடியோ. இட்லி அம்மா ரெண்டாவது வாரமே வெளிய போயிட்டாங்க. நானும் மியூட் பண்ணிட்டேன்.

இப்ப நான் கேக்கறது இதுதானுங்க. பிள்ளைக்கு என்ன தெரபி, என்ன டயட்டுன்னு பேச ஆயிரம் இடம் இருக்கு. அம்மாக்களுக்குன்னு, அவங்க நல்லா இருக்கறதுக்குன்னு, அந்த வராந்தாவுலயே ஏதாவது செய்ய முடியுமா? யாராவது செஞ்சிருக்கீங்களா? எத்தனை பேர் வெச்சுக்கலாம்? என்ன பேசறது? யாராவது ரொம்ப மோசமா ஏதாவது சொல்லிட்டா எனக்குக் கையாளத் தெரியாது, அதுதான் பயமா இருக்கு. நான் பிளஸ் டூ வரைக்கும்தான் படிச்சிருக்கேன்.

---

தல்லாகுளம்73 | 11 ஜூன் 2024, இரவு 11.05

தங்கச்சி, பிளஸ் டூ போதும். எங்க குரூப்பைக் கெடுத்தது எம்.டி. படிச்சவர்தான்!

என் மகளுக்கு இப்ப 23. மதுரையில 2009ல நாங்க இதே மாதிரி ஆரம்பிச்சோம். இருபது பேர், ஒரு கல்யாண மண்டபத்து டைனிங் ஹால் சும்மா குடுத்தாங்க. நல்ல எண்ணத்துலதான் வாரம் ஒரு டாக்டரைக் கூப்பிட்டோம். ஒருத்தர் உணவு பத்தி, ஒருத்தர் நடத்தை பத்தி, ஒருத்தர் "தாய்மார்கள் பொறுமையா இருக்கணும்"னு ஒண்ணே கால் மணி நேரம். மூணு மாசத்துல கடை காலி. போற இடத்துல எல்லாம் நமக்கு ஒருத்தர் வகுப்பு எடுக்கறாரு, அங்கயும் போய் நோட்டு எடுத்துட்டு உக்காரணுமா?

ஒரு வருசம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சப்ப ஏழே பேரு. ஒரு வீட்டு மொட்டை மாடி, சனிக்கிழமை சாயங்காலம். பெரிய விதி எல்லாம் இல்ல. வந்ததும் உன் பேரைச் சொல்லு. முதல் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பத்திப் பேசக் கூடாது.

என்ன ஆச்சு தெரியுமா? ஒருத்தரும் வாயைத் திறக்கல. கீழ தெருவுல ஐஸ்வண்டி மணி அடிச்சிட்டுப் போறது கேட்டுச்சு. பிள்ளையை எடுத்துட்டா எங்ககிட்ட பேச ஒரு சங்கதியும் மிச்சம் இல்ல. எனக்கு அன்னைக்குதான் பகீர்னுச்சு. அரை மணி கழிச்சு ஒருத்தி மெதுவா, "நான் பத்தாவது படிக்கறப்ப மாவட்ட கோகோ டீம்ல இருந்தேன்"னா. எல்லாரும் அவ காலைப் பார்த்தோம். வெடிப்பு, மெட்டி, அறுந்து போன செருப்பு. "எந்திரிச்சு உக்காரு பார்ப்போம், கோகோ மாதிரி"ன்னு ஒருத்தி சொல்ல, மாடியில ஏழு பொம்பளைங்க கோகோ ஆடினோம். கீழ்வீட்டுக்காரங்க வந்து சண்டை போட்டாங்க.

அந்தக் குரூப் ஒன்பது வருசம் ஓடுச்சு.

உனக்கு நான் சொல்றது இவ்வளவுதான். எட்டு பேருக்கு மேல சேர்க்காத. அறுபது பேர் இருக்கற இடத்துல ஒருத்தி நாலு நாள் வரலேன்னா யாருக்கும் தெரியாது. எட்டு பேர்ல ஒருத்தி வரலேன்னா சேர் காலியா தெரியும். யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம். கேட்டா மட்டும் சொல்லு. அங்க பேசினது வீட்டுக்காரர் காதுக்குக் கூடப் போகக் கூடாது. "எங்க பிள்ளை பேசிட்டான்"னு ஒருத்தி சந்தோசத்துல சொன்னா தடுக்காத, ஆனா அடுத்து "நீ அந்த சென்டருக்குப் போகாததாலதான்"னு ஆரம்பிச்சா அங்கயே நிறுத்து. நான் "ஏய், காபி ஆறுது"ம்பேன். எல்லாருக்கும் புரிஞ்சிரும்.

---

கணக்குப்பிள்ளை | 12 ஜூன் 2024, காலை 7.15

யாரும் கோபப்பட வேண்டாம். நான் ஒரு அப்பா, மகளுக்கு ஒன்பது வயது, சேலம். கூடிப் பேசி அழுதுவிட்டு வருவதால் என்ன மாறப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் உருப்படியாக நாலு வேலை பார்க்கலாமே?

பாதி பேர் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே எடுக்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. சான்றிதழுக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல், 40 கேள்விகள். 70க்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவும் அதில் கேட்கலாம். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக 75,000 ரூபாய் கழிவு, கடும் பாதிப்பு என்றால் 1,25,000. மத்திய அரசு வேலையில் இருக்கும் அம்மாவுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் 18 வயது வரம்பு கிடையாது. இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? புலம்பலை விட இது மன அமைதி தரும் என்பது என் தாழ்மையான கருத்து.

---

ரெட்டைச்சடை | 12 ஜூன் 2024, காலை 8.40

தகவலுக்கு நன்றி சார், நிஜமாவே உபயோகமானது. சேவ் பண்ணிக்கிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. உங்க மகளுக்கு அந்த யுடிஐடி கார்டு எடுக்க எத்தனை தடவை ஜி.ஹெச்.சுக்கு அலைஞ்சீங்க? அந்த 40 கேள்விக்கும் பதில் சொன்னது நீங்களா, உங்க வீட்டம்மாவா?

---

கணக்குப்பிள்ளை | 12 ஜூன் 2024, காலை 9.02

அவங்கதான்.

---

ரெட்டைச்சடை | 12 ஜூன் 2024, காலை 9.10

அந்த 40 கேள்வியை நானும் பார்த்திருக்கேன் சார். "கண்ணைப் பார்க்குதா, தனியா இருக்கா, தன்னையே அடிச்சிக்குதா, வலி தெரியுதா." ஒவ்வொண்ணுக்கும் எத்தனை சதவீத நேரம்னு சொல்லணும். நம்ம பிள்ளைக்கு என்னென்ன வராதுன்னு நம்ம வாயாலயே வரிசையா சொல்லி மார்க் வாங்கிட்டு வரணும். கூட மார்க் வந்தாதான் சலுகை. அதை முடிச்சிட்டு வெளிய வந்து மருந்துக்கடை படியில உக்காந்துட்டேன். அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேச இன்னொரு அம்மா இருந்திருந்தா, அது புலம்பல் இல்ல சார்.

---

படிக்கட்டு | 12 ஜூன் 2024, பிற்பகல் 1.30

நான் மனநல ஆலோசகர், திருச்சி. என் அக்கா மகனுக்கு ஆட்டிசம், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். "கூடிப் பேசினால் என்ன மாறும்" என்ற கேள்வியை யாரோ ஒருவர் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைகன்ஸ் என்பவரின் குழு. 2014ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. ஆட்டிசம் மற்றும் வேறு குறைபாடுகள் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் 243 பேர். ஆரம்பத்தில் அளந்தபோது 85 சதவீதம் பேருக்கு மன அழுத்தம் மிக அதிகம். 48 சதவீதம் பேருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவு மனச்சோர்வு. 41 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு. இது ஆஸ்பத்திரி வரிசையில் எடுத்த கணக்கு இல்லை, சமூகத்தில் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்த அம்மாக்கள்.

அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூச்சு, உடல் கவனம் சார்ந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி. இன்னொன்றுக்குக் குற்ற உணர்ச்சி, கவலை இவற்றைக் கையாள்வது, நன்றியுணர்வு மாதிரியான விஷயங்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். (உங்கள் வராந்தா நேரம்தான்!) குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு பாடமும் கிடையாது. நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற அம்மாக்கள், அவர்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு. இரண்டு குழுவிலுமே அழுத்தம், சோர்வு, பதற்றம் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது. மூச்சுப் பயிற்சிக் குழுவில் சில அளவுகளில் பலன் கூடுதல்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த அம்மாக்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, மேலே ஒருவர் மேற்பார்வையும் பார்த்தார்கள். சும்மா நாலு பேர் உட்கார்ந்து பேசினாலே இதே பலன் வரும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் ஊரில் ஒரு ஆலோசகரையோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒருவரையோ தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் நடத்த அல்ல, உங்களுக்குக் கைக்கு மீறியது வந்தால் அனுப்பி வைக்க.

---

தூங்காநகர் | 13 ஜூன் 2024, அதிகாலை 2.47

தலைப்பைப் பார்த்து வந்தேன். யாரும் முழிச்சிருக்க மாட்டீங்க.

பையன் இப்பதான் ஜம்ப் பண்றதை நிறுத்தினான். கீழ்வீட்டுல மூங்கில் கம்பால சீலிங்கைத் தட்டுவாங்க. வீட்டுக்காரர் கத்தார்ல. மாமியார் ஊர்ல இருந்து வந்தா, "எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு கிடையாது, நீ மாசமா இருக்கறப்ப செல்போன் பார்த்ததுதான்"பாங்க. போன் பேசறப்ப அவரும் "அம்மா சொல்றதையும் யோசி"ன்னாரு. ஸ்கூல் திங்கக்கிழமை திறந்துச்சு, செவ்வாய்க்கிழமையே "பையன் கூடவே இருக்க ஷேடோ டீச்சர் வெச்சாதான் அனுப்புங்க"ன்னுட்டாங்க. ஷேடோக்கு மாசம் பதினஞ்சாயிரம் கேக்கறாங்க.

எனக்கு என்ன வேணும்னே தெரியல. தூக்கம் வேணும். சில நாள் ராத்திரி, நானும் அவனும் சேர்ந்து போயிட்டா எல்லாருக்கும் நிம்மதிதானேன்னு தோணுது. காலையில எந்திரிச்சா சரியாயிடும். எழுதணும்னு தோணிச்சு, எழுதிட்டேன். அழிச்சாலும் அழிச்சிடுங்க.

---

தல்லாகுளம்73 | 13 ஜூன் 2024, அதிகாலை 3.02

நான் முழிச்சிருக்கேன்மா. அழிக்க மாட்டோம்.

நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு. இப்ப, இந்த ராத்திரி, அப்படி ஏதும் செய்யற எண்ணம் இருக்கா? இருந்தா, இல்லாட்டியும் கூட, இப்பவே 14416 போடு. டெலி மானஸ், அரசு நடத்தறது, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். பேசறதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைன்னா இங்க எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டு.

உனக்குத் தனிமடல்ல என் நம்பர் அனுப்பியிருக்கேன். கூப்பிடு. பேச வேண்டாம், சும்மா லைன்ல இரு. நான் காபி போட்டுட்டிருப்பேன், அந்தச் சத்தத்தைக் கேளு.

---

நெறியாளர் | 13 ஜூன் 2024, காலை 6.10

தூங்காநகர் தோழி தல்லாகுளம் அக்காவிடம் பேசிவிட்டார், இன்று அவருடைய தங்கை வந்து கூட இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். யாரும் அவரிடம் விவரம் கேட்டு மடல் அனுப்ப வேண்டாம். "அப்படி எல்லாம் நினைக்கலாமா", "பிள்ளை தெய்வம் கொடுத்த வரம்" வகைப் பதில்கள் நான்கை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் மன்னிக்க.

---

படிக்கட்டு | 13 ஜூன் 2024, காலை 10.15

நெறியாளருக்கு நன்றி. "கைக்கு மீறியது வந்தால்" என்று நேற்று நான் ஏதோ நாளைக்கு வரப் போவது போல எழுதினேன். பதின்மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டது. தல்லாகுளம் அக்கா செய்ததைத்தான் நாங்களும் செய்யச் சொல்வோம்: சுற்றி வளைக்காமல் கேட்பது. கேட்டால் அந்த எண்ணம் வளர்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வளர்வதில்லை. கேட்டபின் தனியாக விடாமல் இருப்பது அடுத்தது.

தூக்கம் பற்றி: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கச் சிக்கல் மிகச் சாதாரணம், பலருக்குச் சரி செய்யவும் முடியும். பிள்ளையின் டாக்டரிடம் அதைத் தனிப் பிரச்சினையாகச் சொல்லுங்கள். "வேற என்ன?" என்று கேட்கும்போது கடைசியில் சொல்லாமல், முதலிலேயே.

மாமியார் சொன்ன செல்போன் கதைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1943ல் லியோ கேன்னர் ஆட்டிசத்தை முதன்முதலில் விவரித்து எழுதினார். பின்னாளில் அவரே, குளிர்பதனப் பெட்டியில் வைத்தது போலப் பாசமில்லாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் என்ற பொருளில் எழுதப் போக, புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் ஈரமில்லாத மனசுதான் காரணம் என்று உலகம் முழுக்கப் பரப்பினார். இருபது வருடத்துக்கும் மேல் அம்மாக்களைக் கூண்டில் ஏற்றினார்கள். 1964ல் அதை ஆதாரத்தோடு உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லேண்ட், உளவியலாளர், அவர் மகனுக்கும் ஆட்டிசம். மரபணுக் காரணங்களே பெரும்பங்கு என்று இன்றைக்கு ஆய்வுகள் சொல்கின்றன. அது அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும், இரண்டிலும் இல்லாமல் புதிதாகவும் வரும். அப்போது ஃபிரிட்ஜ், இப்போது செல்போன். மின்சாதனம்தான் மாறியிருக்கிறது.

---

சத்தம்வேண்டாம் | 13 ஜூன் 2024, மாலை 5.50

எனக்கு 27 வயது. ஆட்டிசம் உள்ள ஆள். ஆறு வயது வரை பேசவில்லை. இப்போது கோவையில் மென்பொருள் சோதனை வேலை. எழுதுவது சுலபம், பேசுவது இன்னும் சுலபமில்லை.

இந்த இழையில் எனக்கு இரண்டு கருத்து. முதலாவது, அம்மாக்கள் கூட வேண்டும். என் அம்மாவுக்கு யாரும் இல்லை. அவர் சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுவார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தார். எனக்கு இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்கும்.

இரண்டாவது, அதனால்தான் சொல்கிறேன். அந்த வராந்தாவுக்கும் தெரபி அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது. பேசாத பிள்ளைக்குக் காது கேட்கும். எட்டு வயதில் நான் கேட்டது: "இவன் எனக்கு அப்புறம் என்ன ஆவான்னு நினைச்சா, எனக்கு முன்னாடி போயிடணும்னு வேண்டிக்கறேன்." அம்மா அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார். அவர் அப்படி வேண்டியதில் எனக்கு இன்றைக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் போகவில்லை.

ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்ற சொல்லை இங்கே யாரும் பயன்படுத்தவில்லை. அதற்கு நன்றி. என் மதி இறுகவில்லை.

---

வெள்ளோட்டுக்காரி | 13 ஜூன் 2024, இரவு 9.30

தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லைங்க. படிச்சதும் எந்திரிச்சுப் போய்ப் பையன் பக்கத்துல உக்காந்துட்டேன். அவன் முன்னாடி நான் என்னென்ன பேசியிருக்கேன்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வருது.

சென்டர் மேடத்துகிட்ட பேசி, பின்னாடி வேப்பமரத்தடியில சேரைப் போட்டுக்கலாமான்னு கேக்கறேன்.

---

ரெட்டைச்சடை | 13 ஜூன் 2024, இரவு 10.05

சத்தம்வேண்டாம், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாக்கள் வாயைத் திறக்கறப்ப எல்லாம் "பிள்ளை கேட்டா என்ன நினைக்கும்"னு வந்தா, மறுபடி வாயை மூடிக்கத்தான் தோணும். எங்களுக்குக் கோபம் பிள்ளை மேல இல்ல. ஸ்கூல் மேல, சொந்தக்காரங்க மேல, பஸ்ஸுல "பிள்ளையை அடக்கத் தெரியாதா"ங்கறவங்க மேல. ஆனா சொல்லும்போது பிள்ளை பேருதான் வாயில வருது.

---

சத்தம்வேண்டாம் | 13 ஜூன் 2024, இரவு 10.31

தப்பாக எடுக்கவில்லை. வாயை மூடச் சொல்லவில்லை. மரத்தடிக்குப் போங்கள் என்கிறேன். கதவிலிருந்து இருபது அடி போதும்.

---

கொக்குவில்பிள்ளை | 15 ஜூன் 2024, காலை 11.20

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். உங்கட ஈரோட்டு வராந்தாவே எங்களுக்கு ஆசையாக் கிடக்கு! என்ர மகனுக்கு அஞ்சு வயசு. இஞ்ச தமிழில பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஆக்களைத் தேடிப் பிடிக்கிறதே பெரும்பாடு. மாசத்துக்கு ஒருக்கா திகதி கிடைச்சாலே பெரிய விஷயம்.

நாங்கள் நாலு அம்மாமார் இருக்கிறம். சந்திக்கிறது வெள்ளிக்கிழமை கோயில் வெளி வீதியில. சனம் குறைஞ்ச நேரம் பாத்துப் போவம், பிள்ளையள் மணலில விளையாடுவினம். எங்கட ஆக்களுக்குக் கூட்டம், சங்கம் எண்டா பயம். போருக்குப் பிறகு எத்தினை நிறுவனம் வந்து வட்டமா இருத்தி "உங்கட கவலையைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டு போச்சுது. அதால நாங்கள் கவலை கதைக்கிறேல்ல. ஒருத்தி பனங்கிழங்கு அவிச்சுக்கொண்டு வருவா, மற்றவ தும்பு கிழிச்சுக் குடுப்பா. கைக்கு ஒரு வேலை இருந்தாத்தான் வாய் தானாத் திறக்கும். முகத்துக்கு முகம் பாத்துக்கொண்டு இருந்தா ஒரு சொல்லும் வராது. வெள்ளோட்டு அக்கா, உங்கட கூட்டத்துக்கும் கைவேலை ஒண்டு வையுங்கோ. கீரை ஆய்ஞ்சாலும் சரி.

---

நம்பிக்கை_ஒளி | 15 ஜூன் 2024, மதியம் 12.00

ஸ்டெம் செல் சிகிச்சையில் 90% முன்னேற்றம். அம்மாக்களின் கவலை தீரும். தனிமடலில் வாருங்கள்.

---

நெறியாளர் | 15 ஜூன் 2024, மதியம் 12.25

மேலே உள்ளவர் தடை செய்யப்பட்டார். பதிவை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், நாளைக்கு வேறு பெயரில் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருவார் என்பதால். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல, அப்படிச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. வராந்தாக் கூட்டம் எட்டுப் பேரோடு இருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

கணக்குப்பிள்ளை | 22 ஜூன் 2024, இரவு 8.50

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நேற்று மகளைத் தெரபிக்கு நான் கூட்டிப் போனேன். முதல் தடவை. மனைவி தன் சிநேகிதியின் வளைகாப்புக்குப் போனார். மூன்று வருடத்தில் அவர் தனியாகப் போன முதல் விசேஷமாம், வீட்டுக்கு வந்தபின் சொன்னார்.

வராந்தாவில் ஐந்து பெண்கள். நான் போய் உட்கார்ந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். போனில் சார்ஜ் 4 சதவீதம். உள்ளே மகள் கத்துவது கேட்கிறது. எழுந்து போகவும் முடியாது, உட்காரவும் முடியாது. எதிர்ச் சுவரில் மாத்திரை விளம்பரக் காலண்டர் ஒன்று, அதில் ராகு காலம் எல்லாக் கிழமைக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒன்றரை மணி நேரம் ரொம்ப நீளம். இதை வாரம் இரண்டு தடவை, ஆறு வருடம்.

நான் எழுதிய "புலம்பல்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். திட்டங்கள் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, அவை முக்கியம்தான்.

---

தல்லாகுளம்73 | 22 ஜூன் 2024, இரவு 9.15

முக்கியம்தான் தம்பி, யாரு இல்லேன்னா. எங்க மாடிக் கூட்டத்துல கடைசி பத்து நிமிஷம் அதுக்குன்னே வெச்சிருந்தோம். என் மகளுக்கு 18 ஆனப்ப சட்டப்படி பாதுகாவலர் ஆகணும்னா நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர்க் குழுவுக்கு மனு போடணும்னு எனக்குச் சொன்னது ஒரு கூட்டாளிதான், எந்த ஆபீசும் இல்ல. பெத்த பிள்ளைக்கு நானே மனு போட்டு அம்மான்னு பேர் வாங்கணுமான்னு எனக்கு ஆத்திரம். அவ கூட வந்தா. படிவத்துல கையெழுத்துப் போடறப்ப என் கை நடுங்குச்சு, அவ "ஏய், காபி ஆறுது"ன்னா. கலெக்டர் ஆபீஸ்னு கூடப் பார்க்காம சிரிச்சோம்.

அடுத்த வாரமும் நீங்களே மகளைக் கூட்டிப் போங்க. பேச்சை நிறுத்தினா என்ன, ஒரு வணக்கம் போடுங்க. சார்ஜர் எடுத்துட்டுப் போங்க.

---

தூங்காநகர் | 29 ஜூன் 2024, இரவு 10.10

நான்தான். பத்து மணிக்கே எழுதறேன் பாருங்க!

14416 எடுத்தாங்க. ஒரு பொண்ணு, சின்ன வயசுக் குரல், பொறுமையாக் கேட்டுச்சு. அப்புறம் ஜி.ஹெச். மனநலப் பிரிவுக்குப் போனேன், எனக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. மாத்திரை சாப்பிடறதை மாமியார்கிட்ட சொல்லல. ஸ்கூல் பிரச்சினை அப்படியேதான் இருக்கு. ரெட்டைச்சடை அக்கா கூட வந்து ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சட்டம் பேசினாங்க, அவங்க "பார்க்கலாம்"னாங்க. பையன் இன்னும் குதிக்கறான். தரையில பழைய மெத்தை போட்டிருக்கோம், மூங்கில் கம்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

தல்லாகுளம் அக்கா தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு "ம்" னு மட்டும் மெசேஜ் போடுவாங்க. நானும் "ம்" போடணும். போடலேன்னா போன் வரும். ஒரு நாள் தூங்கிட்டேன், மறந்துட்டேன், பதினோரு மணிக்கு என் தங்கச்சி வந்து கதவைத் தட்டறா!

---

வெள்ளோட்டுக்காரி | 5 ஜூலை 2024, இரவு 9.45

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாலு வாரம் ஆச்சு, நிலவரம் சொல்லிடறேன்.

வாட்ஸ்அப் குரூப்பைக் கலைச்சுட்டேன். நாலு பேர் திட்டினாங்க. இப்ப ஏழு பேர், செவ்வாய்க்கிழமை மட்டும், வேப்பமரத்தடியில. பேரு சொல்லித்தான் கூப்பிட்டுக்கறோம். இட்லி அம்மா பேரு கோமதிங்க. நாலு வருசம் பக்கத்துல உக்காந்திருந்தும் தெரியாது.

கொக்குவில் தங்கச்சி சொன்ன மாதிரி கைவேலை வெச்சோம். முதல் வாரம் முருங்கைக்கீரை. நல்லாத்தான் போச்சு, ஆனா காம்பை உள்ள கொண்டு போய் எங்க பையன் ஸ்பீச் மேடம் டேபிள்ல வரிசையா அடுக்கிட்டான். மூணாவது வாரம் ஒருத்தர் வேற சென்டரைப் பத்திப் பெருமையா ஆரம்பிச்சு, கோமதிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்கு "காபி ஆறுது"ன்னு சொல்ல வரல, காபியே இல்ல. "கீரை வாடுது"ன்னு உளறிட்டேன். எப்படியோ நின்னுச்சு. படிக்கட்டு சார் சொன்ன மாதிரி ஜி.ஹெச்.ல ஒரு ஆலோசகர் மேடத்தோட பேரும் நேரமும் வாங்கி வெச்சிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரை அனுப்பியிருக்கேன். அந்த ஒருத்தர் நான்தானுங்க.

இப்ப ஒரு உதவி. மழை வந்தா மரத்தடியில உக்கார முடியல, வராந்தாவுக்குத்தான் வரணும். அங்க இருக்கற ஃபேனைப் பார்க்க எலக்ட்ரீசியனைக் கூட்டிட்டு வந்தோம், ஆளுக்கு முப்பது ரூபா போட்டு. ஓடுது, ஆனா டக்கு டக்குன்னு சத்தம். ரெண்டு பசங்க காதைப் பொத்திட்டு உள்ளயே போக மாட்டேங்கறாங்க. சத்தமே இல்லாத ஃபேன் எதுங்க? மேடம் பாதிக் காசு தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

---

சத்தம்வேண்டாம் | 5 ஜூலை 2024, இரவு 9.52

பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேன் வாங்குங்கள். சாதாரண ஃபேனில் வரும் ஊங்காரம் இதில் மிகக் குறைவு, கரண்டும் பாதிக்குக் கீழேதான் இழுக்கும். கடையில் போட்டுக் காட்டச் சொல்லி, வேகத்தை மூன்றில் வைத்து, கண்ணை மூடிக் கேளுங்கள். ஐந்தில் எல்லா ஃபேனும் காற்றுச் சத்தம் போடும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ரிமோட்டோடு வரும். அதைப் பையன்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நானாக இருந்தால் நாள் முழுக்க அமுக்கிக்கொண்டு இருப்பேன்.